லூர்துராணியின் நிற்காத வளையம்

லூர்துராணிக்குக் கறுப்பு உருண்டை வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கம் கோயில் கோபுரத்தருகே மரச்சாமான் கடை போட்டிருந்த ரெங்கம்மாளிடம் சிவப்பு இருந்தது, பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது. எல்லாம் கிலுகிலுப்பைக்கும் நடைவண்டிக்கும் கோத்துவிடுகிற, எலுமிச்சம்பழ அளவு அரக்குப் பூசிய உருண்டைகள். கறுப்பு மட்டும் இல்லை.

"குழந்தை வெளையாடுற சாமானுக்கு யாராவது கறுப்பு பூசுவாங்களா?" என்றாள் ரெங்கம்மாள்.

"குழந்தைக்கு இல்லீங்க. காலேஜுல பாடம் நடத்துறதுக்கு."

காலேஜில் உருண்டை வைத்து என்ன பாடம் நடத்துவார்கள் என்று ரெங்கம்மாள் கேட்கவில்லை. ஒரு டஜன் வாங்குகிற ஆளிடம் அதிகம் கேட்டால் ஆள் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை கறுப்பு உருண்டைகள் தயாராக இருந்தன. திருஷ்டி பட்டுவிடும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பொட்டும் வைத்திருந்தாள். லூர்துராணி அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.

இது நடந்தது அறுபத்திரண்டாம் வருஷம். லூர்துராணிக்கு அப்போது முப்பத்தொரு வயது. திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் கல்லூரியில் ரசாயனத் துறை டெமான்ஸ்ட்ரேட்டர். அந்த உத்தியோகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டெமான்ஸ்ட்ரேட்டர் லேபுக்குள் ராணி. பியூரெட்டைக் கழுவச் சொல்லிக்கொடுக்கலாம், பிப்பெட்டை உறிஞ்சுகிற பெண் ஆசிட்டை விழுங்கிவிடாமல் காவல் நிற்கலாம், உடைந்த பீக்கருக்கு யார் பொறுப்பு என்று விசாரணை நடத்தலாம். ஆனால் வகுப்பறைக்குள் போய்க் கரும்பலகையில் எழுதக் கூடாது. அது லெக்சரர்களின் ராஜ்யம். பி.எஸ்ஸி. மட்டும் படித்த லூர்துராணி ஒன்பது வருஷமாகச் சாக்குக்கட்டியைத் தொடாமல் இருந்தாள்.

கல்யாணமாகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போனார்கள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கடைசியாக வந்த மாப்பிள்ளை போஸ்டாபீஸ்காரர்; பேச்சுவாக்கில், "கெமிஸ்ட்ரி எல்லாம் மனப்பாடம்தானே?" என்று கேட்டுத் தொலைத்தார். அதற்கு அவள் சொன்ன பதில் அரைமணி நேரம் நீண்டது. பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.

அவர் கேட்டதிலும் தப்பில்லை. லூர்துராணி படித்த காலத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மனப்பாடமாகத்தான் இருந்தது. இதோடு அதைச் சேர்த்தால் இன்னது கிடைக்கும். எழுது, படி, ஒப்பி. ஏன் கிடைக்கும் என்று கேட்டால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். பிறகு கல்லூரி நூலகத்துக்கு ஒரு புதுப் புத்தகம் வந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் வளைந்த அம்புக்குறிகள். எந்த எலெக்ட்ரான் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது, யார் வந்தால் யார் வெளியேற வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அம்பு. லூர்துராணி அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவள் ஒரு வருஷம் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு யாரும் கேட்கவும் இல்லை.

புத்தகம் முழுவதிலும் அவள் மனசைப் பறித்தது சின்ன வளையங்கள் வருகிற அத்தியாயம். கார்பன் அணுவுக்கு நாலு கை. நாலும் ஒன்றையொன்று முடிந்த மட்டும் விலகி, நூற்றொன்பதரை டிகிரி இடைவெளியில் நிற்கத்தான் ஆசைப்படும். மூன்றே அணுக்களைச் சேர்த்து ஒரு வளையம் கட்டினாலோ அந்தக் கைகள் அறுபது டிகிரிக்குள் ஒடுங்க வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் புறப்படுகிற பஸ்ஸில் இரண்டு பேர் ஸீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி. உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் யாராவது லேசாக இடித்தால் போதும், ஒருவர் எழுந்துவிடுவார். இரண்டு கார்பனும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்த எபாக்சைடு என்கிற வளையம் அப்படித்தான். விட்டால் போதும் என்று இருக்கும். இதைப் படித்துவிட்டு லூர்துராணி தனியாகச் சிரித்தாள். அடுப்படியில் இருந்தவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவரிநாதன், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பாலக்கரை வீட்டில் அவரும் மகளும்தான். உலகத்தில் எந்தப் பொருளும் அசையக் கூடாது என்பது அவருடைய கட்சி. ஆடுகிற ரயிலை ஆடாமல் வைத்த கை. வீட்டில் அவர் சரிசெய்த ஜன்னல்கள் காற்றில் அடித்துக்கொண்டதே கிடையாது, திறந்தால்தானே அடித்துக்கொள்ள. அவர் மூடிய ஊறுகாய் ஜாடியை அவரே வந்துதான் திறக்க வேண்டும். பக்கத்து வீட்டு பிச்சமுத்து ஒருதடவை தெருக்கேட் கிறீச்சிடுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சவரிநாதன் பையோடு போனார். அன்றிலிருந்து பிச்சமுத்து குடும்பம் புழக்கடை வழியாகத்தான் போய்வருகிறது. ஆனாலும் அவர்மேல் யாருக்கும் கோபம் வராது. காசு வாங்க மாட்டார், காபி கொடுத்தால் குடிப்பார், வேலை முடிந்ததும் கைத்துண்டால் துடைத்துவிட்டு, "இனிமே அசையாது" என்று சொல்லுவார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யார் குறை சொல்லுவார்கள்?

அந்த வருஷம் ஜூன் மாதம், ஆர்கானிக் எடுத்துவந்த லெக்சரர் கல்யாணமாகி ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பிரின்சிபால் மதர் பெனடிக்டா லூர்துராணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ கிளாஸ் எடு. ஆடி மாசம் யூனிவர்சிட்டிக் கமிட்டி வருது. ஒரு கிளாஸ்ல உட்கார்ந்து பார்ப்பாங்க. அவங்களுக்குத் திருப்தின்னா, அடுத்த வருஷம் உன்னை மெட்ராஸுக்கு எம்.எஸ்ஸி. படிக்க அனுப்புறேன். ரெண்டு வருஷம் லீவ், பாதிச் சம்பளம். திரும்பி வந்து நீ லெக்சரர். திருப்தி இல்லேன்னா வெளியிலேருந்து ஆள் எடுக்கணும். அப்புறம் உன்னை லேபை விட்டு நகர்த்த என்னால முடியாது."

"சரி மதர்" என்று சொல்லிவிட்டு லூர்துராணி வெளியே வந்தாள். நேரே காலி வகுப்பறைக்குள் போய்க் கரும்பலகையில் தன் பெயரை ஒருதரம் எழுதி அழித்தாள். ஒன்பது வருஷ ஆசை அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. இன்னொரு தரம் எழுதினாள்.

கமிட்டி பார்க்கப்போகிற வகுப்புக்கு அவள் எடுத்துக்கொண்டது சின்ன வளையம்தான். வளையம் எப்படி மூடுகிறது, எப்படித் திறக்கிறது. வாயால் சொன்னால் பெண்களுக்குப் புரியாது. கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் ரெங்கம்மாளின் உருண்டைகள். கறுப்பு கார்பன், சிவப்பு ஆக்ஸிஜன், உள்ளே புகுந்து இடிக்கப்போகிற ஆளுக்குப் பச்சை. கல்லூரியிலிருந்த கைத்துரப்பணத்தால் நூற்றொன்பதரை டிகிரிக்கு அவளே துளைபோட்டாள். அட்டையில் கோணம் வெட்டி வைத்துக்கொண்டு, விரலில் கொப்புளம் வர வர. அப்பாவிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் உருண்டை இரும்பாகத் திரும்பிவரும் என்று பயம்.

அணுக்களை இணைக்கக் கம்பி வேண்டும். வளைக்க வேண்டும், வளைத்ததை விட்டால் நிமிர வேண்டும். மலைக்கோட்டைக்குக் கீழே சந்தில் குடை ரிப்பேர் செய்கிற பரக்கத் அலியிடம் போனாள். அவர் தகர டப்பாவைக் கவிழ்த்துப் பழைய குடைக்கம்பிகளைக் கொட்டினார்.

"வளையுறதும் வேணும், நிமிர்றதும் வேணும்னா இதுதாம்மா. ஆடிக்காத்துல பாருங்க, காவேரிப் பாலத்து மேல ஒரு குடையும் உருப்படியா வராது. அப்படியே பின்னாடி திரும்பி பூ மாதிரி விரிஞ்சிரும். எனக்கு அல்லாஹ் குடுத்த சீசன் அது."

லூர்துராணி அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். புத்தகத்தில் எழுதியிருந்தது அதேதான். இடிக்கிற ஆள் எப்போதும் பின்பக்கமாகத்தான் வருவான். அவன் கார்பனின் முதுகில் கைவைத்த மாத்திரத்தில் முன்பக்கத்து ஆள் கழன்றுபோவான். கார்பனின் மற்ற மூன்று கைகளும் காற்றில் திரும்பிய குடைபோல மறுபக்கம் மடங்கிக்கொள்ளும். இதை ஒரு முழு அத்தியாயத்தில் சொல்லியிருந்தார்கள். பரக்கத் அலி தகர டப்பாவை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

மாதிரி தயாரானது. இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு, நடுவில் வில்லாக வளைந்த மூன்று குடைக்கம்பிகள். ஒரு கறுப்பு உருண்டையில் மட்டும் முதுகுவழியாக நேரே துளை விட்டிருந்தாள். பச்சை உருண்டையின் கம்பியை அந்தத் துளையில் செருகினால் அது போய் முன்பக்கத்துக் கம்பியைத் தள்ளும். அது கழன்றதும் வளைந்த கம்பி நிமிர்ந்து, சிவப்பு உருண்டை டப்பென்று மறுபக்கம் தாவும். மெக்கானிசம் முழுவதும் ஒரே தாவலில்.

ஒரே ஒரு கஷ்டம். இடிக்கும் வரைக்கும் அது நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அடுப்படி மேஜையில் ஒத்திகை பார்த்தாள். நாலுதரம் அதுவாகவே தெறித்தது. நாலாவது தரம் ஆக்ஸிஜன் போய் மீன்குழம்பில் விழுந்தது.

"சே, நிக்கவே மாட்டேங்குதே சனியன்" என்றாள் லூர்துராணி, குழம்புக் கரண்டியால் ஆக்ஸிஜனை எடுத்தபடி.

சவரிநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிற்கவில்லை என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்துராணி கல்லூரிக்குப் போய்விட்டாள், லேபை ஒழுங்குபடுத்த. சாயங்காலம் வந்தபோது வளையம் ஒரு வெள்ளைத் துண்டில் கட்டிப் பைக்குள் இருந்தது. "பத்திரமா வெச்சிருக்கேன். கிளாஸ்ல போய்ப் பிரிச்சா போதும்" என்றார் அப்பா. முகத்தில் அந்தக் கேட் சரிசெய்த களை. அவள் கவனிக்கவில்லை; மறுநாள் பாடத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் பிரொபசர் ரெங்கபாஷ்யம், மெட்ராஸ்காரர், மெலிந்த தேகம், கையில் நீளக் குடை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மதர் பெனடிக்டா கதவருகே நின்றார். ஆடிக்காற்று மாடி ஜன்னல்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. லூர்துராணி சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தாள்.

முதலில் வளையம் மூடுகிற கதை. பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரண்டு. ஒன்றில் ஆக்ஸிஜன், அதன் வாலில் ஒரு ஹைட்ரஜன், இன்னொன்றில் குளோரின். காரத்தைச் சேர்த்தால் அது ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும். வாலை இழந்த ஆக்ஸிஜன் சும்மா இருக்காது, பக்கத்துக் கார்பனைப் பின்பக்கமாக இடிக்கும், முன்பக்கத்தில் குளோரின் இறங்கிவிடும்.

"டவுன் பஸ்ல பின்படியில ஒருத்தர் ஏறினா முன்படியில ஒருத்தர் இறங்குற மாதிரி. ரெண்டும் ஒரே நேரத்துல. ஒரே படியில ஏறவும் இறங்கவும் முடியாது. அதனால ஆக்ஸிஜனும் குளோரினும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தாத்தான் வளையம் மூடும்."

பெண்கள் எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் ரெங்கபாஷ்யம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நன்றாகத்தான் போயிற்று.

"இப்ப வளையம் திறக்குறதைப் பார்க்கலாம்" என்று லூர்துராணி துண்டைப் பிரித்தாள். வளையம் மேஜைமேல் கம்பீரமாக நின்றது. அவளுக்கே ஆச்சரியம். பச்சை உருண்டையின் கம்பியை எடுத்துக் கறுப்பின் முதுகில் குத்தினாள். போகவில்லை. இன்னொரு குத்து. போகவில்லை. திருப்பிப் பிடித்துக் குத்தினாள். ஆறு குத்துக் குத்தினாள். பெஞ்சுகளில் சிரிப்புப் பரவியது.

"உங்க வளையத்துக்குத் திறக்கிற உத்தேசமே இல்லை போலிருக்கே" என்றார் ரெங்கபாஷ்யம்.

லூர்துராணி வளையத்தை முகத்தருகே தூக்கிப் பார்த்தாள். கம்பிகள் மூன்றும் வளைவே இல்லாமல் நேராக இருந்தன. பழைய துளைகளை அடைத்து, சுகமாகப் பொருந்தும்படி அறுபது டிகிரிக்குப் புதுத் துளை போட்டிருந்தது. கம்பி நுனிகளில் குறுக்கே பித்தளை ஊசி. முதுகுத் துளை? வேண்டாத ஓட்டை என்று மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் வைத்து அடைத்து, மேலே கறுப்புச் சாயம் தடவி, இருந்த இடமே தெரியாமல் ஆக்கியிருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் செய்வார்.

முதலில் வந்தது கோபம். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு மணி நேரம். அதை அடைத்துச் சாயம் பூசிவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அப்புறம் அந்தப் பித்தளை ஊசிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நுனியில் ராவி உருட்டப்பட்டிருந்தது, மகள் கையில் கீறிவிடக் கூடாது என்று. அதற்குமேல் கோபப்பட அவளால் முடியவில்லை.

"இதை எங்கப்பா சரிபண்ணியிருக்காங்க" என்றாள் வகுப்பைப் பார்த்து. "ரயில்வே ஃபிட்டர். துளையையெல்லாம் அறுபது டிகிரிக்கு மாத்தி, மூணு பேரும் சௌகரியமா உட்கார வெச்சிருக்காங்க. நான் இப்ப எவ்வளவு இடிச்சும் திறக்கலை. ஏன்?"

மூன்றாவது பெஞ்சில் சுராயா என்ற பெண் எழுந்தாள். வகுப்பில் அதுவரை வாயைத் திறக்காத பெண்.

"அதுக்குக் கஷ்டம் எதுவும் இல்ல மிஸ். கஷ்டமில்லாதது ஏன் திறக்கணும்?"

"அவ்வளவுதான்" என்றாள் லூர்துராணி. அவள் குரல் தெளிந்துவிட்டது. "கார்பனுக்கு இப்படி ஒரு அப்பா கிடையாது. அதோட துளைகளை யாரும் மாத்திப் போட முடியாது. அதனாலதான் அந்த வளையத்துக்கு இவ்வளவு அவசரம்."

அலமாரியில் ஈத்தேனுக்குச் செய்துவைத்திருந்த இரண்டு கறுப்பு உருண்டைகளை எடுத்தாள், தண்ணீருக்குச் செய்த சிவப்பையும். எல்லார் கண்முன்னாலும் குடைக்கம்பியைப் பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்துச் செருகினாள். சுராயாவைக் கூப்பிட்டு ஓர் இணைப்பை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

"கையில என்ன தெரியுது?"

"தள்ளுது மிஸ்."

"விடு."

சிவப்பு உருண்டை மூன்று பெஞ்சைத் தாண்டிப் போய் ரெங்கபாஷ்யத்தின் நோட்டுப் புத்தகத்தில் விழுந்து நின்றது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். மீன்குழம்பு வாசனை லேசாக இருந்தது. நல்லவேளை, அது வேறு உருண்டை என்று லூர்துராணி நினைத்தாள். பிறகு, இல்லை, அதேதான் என்று ஞாபகம் வந்தது. குழம்பில் விழுந்ததை ஞாயிற்றுக்கிழமை லேபுக்குக் கொண்டுவந்து தண்ணீருக்கு வைத்துவிட்டு, வளையத்தில் வேறு சிவப்பைக் கோத்திருந்தாள்.

குடை மிச்சமிருந்தது. இடிபட்ட கார்பனின் மற்றக் கைகள் மறுபக்கம் திரும்புவதைக் காட்ட அவள் தன் குடையை ஜன்னலோரம் கொண்டுபோய்க் காற்றில் விரித்தாள். காற்று வந்து மோதியது. குடை அசையவில்லை. போன மழைக்காலத்தில் அதையும் அப்பா சரிபண்ணியிருந்தார். இந்தத் தடவை அவளே சிரித்துவிட்டாள்.

"என்னோடதை எடுத்துக்கோங்கோ" என்றார் ரெங்கபாஷ்யம், எழுந்து வந்து நீட்டியபடி. மெட்ராஸ் குடை. ஒரே வீச்சில் பின்பக்கம் திரும்பி விரிந்துகொண்டது. வகுப்பு கைதட்டியது. அதற்குப் பிறகு அந்தக் குடை மடங்கவே இல்லை.

அவர் உட்காரவில்லை. கரும்பலகையருகே நின்றபடியே கேட்டார்.

"இந்த வளையத்துல ஒரு பக்கத்துக் கார்பன்ல ரெண்டு மெத்தில் குரூப் தொங்கிண்டிருக்கு. மறுபக்கம் காலி. மெத்தனால் வந்து இடிக்கிறது. எந்தப் பக்கம்?"

"கூட என்ன போடுறோம்கிறதைப் பொறுத்தது சார். காரம் போட்டா, கூட்டமில்லாத பக்கம். வழி இருக்கிற பக்கமாத்தான் வருவான். ஆசிட் போட்டா மாறிடும். ஹைட்ரஜன் போய் ஆக்ஸிஜன் மேல உட்கார்ந்துக்கும், ஆக்ஸிஜன் பிடியைத் தளர்த்தும். ரெண்டு மெத்தில் இருக்கிற கார்பன்தான் பிளஸ் சார்ஜைத் தாங்கும், அதனால அந்தப் பக்கத்துக் கட்டுதான் முதல்ல இளகும். இளகின இடத்துலதான் இடி விழும், கூட்டமா இருந்தாலும். ஆனா அப்பவும் பின்பக்கமாத்தான்."

"இது நிஜம்னு எப்படித் தெரியும்?"

லூர்துராணி புத்தகத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். மதர் பெனடிக்டா அதைத்தான் எதிர்பார்த்தார்.

"படிச்சதுதான் சார். செஞ்சு பார்த்ததில்லை. ரெண்டு விதமாவும் செஞ்சு, கிடைச்சதைப் பிரிச்சு, எது எதுன்னு பார்க்கணும். அதுக்கு எங்க லேப்ல வசதியும் இல்லை, எனக்குப் பயிற்சியும் இல்லை. செஞ்சு பார்க்கணும்னுதான் ஆசை."

ரெங்கபாஷ்யம் சிவப்பு உருண்டையைத் திருப்பிக் கொடுத்தார். "செஞ்சு பாருங்கோ" என்றார். சாயங்காலம் மதர் பெனடிக்டா அவளைக் கூப்பிட்டு, கமிட்டி எழுதிவிட்டுப் போனதைச் சொன்னார். அடுத்த ஜூனில் மெட்ராஸ். பிரொபசரின் குடையைப் பரக்கத் அலியிடம் சரிசெய்து தபாலில் அனுப்ப வேண்டியதும் அவள் பொறுப்பு என்றார்.

வீட்டில் சவரிநாதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

"எப்படி நின்னுச்சு?"

லூர்துராணி பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒரு சண்டையைத் தயார்செய்துகொண்டுதான் வந்தாள். அது தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விட்டது.

"அசையவே இல்லப்பா. ஆறு தடவை இடிச்சும் அசையலை. கமிட்டித் தலைவரே சொன்னாரு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்பா கைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் மெட்ராஸ் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்துபோய்த் திறக்காத ஜன்னலை ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம்தானே. எனக்குத்தான் ரயில் பாஸ் இருக்கே" என்றார். பித்தளை ஊசி போட்ட வளையத்தைச் சகாய மாதா படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

மறுவருஷம் ஜூனில் லூர்துராணி ரயிலேறினாள். அவளுடைய தகரப் பெட்டியின் தாழ்ப்பாள் லொடலொடவென்று இருப்பதாக அப்பா இரண்டு நாள் முன்பே எடுத்துப் போய் வேலைபார்த்திருந்தார். கடைசி நிமிஷத்தில் தன் கையாலேயே மூடிப் பூட்டிக் கொடுத்தார். "இனிமே அசையாது" என்று பிளாட்பாரத்தில் சொன்னார். வண்டி நகர்ந்ததும் ஜன்னலுக்குக் கூடவே கொஞ்ச தூரம் நடந்துவந்தார்.

மெட்ராஸ் ஹாஸ்டலில் பெட்டி திறக்கவில்லை. அறைத்தோழி பேட்ரிசியா உட்கார்ந்து இழுத்துப் பார்த்தாள். எதிர் அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கடைசியில் வாட்ச்மேன் காத்தான் கடப்பாரையோடு வந்து, யார் பூட்டியது என்று மரியாதையோடு விசாரித்துவிட்டு நெம்பினார்.

புடவைகளுக்கு மேலே ஒரு வெள்ளைத் துண்டு முடிச்சு. அது லூர்துராணி கட்டி வைத்ததல்ல. பிரித்தாள். இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு, ஒரு பச்சை, கம்பிகள். எல்லாம் புதிது. ஒரு காகிதம். அப்பாவின் கையெழுத்து, நேர்கோட்டில், அளவெடுத்தது போல.

"ராணிக்கு. போன மாசம் அலமாரி வளையத்துக்கு எண்ணெய் போட எடுத்தேன். ஊசியில தேய்மானமே இல்லை. நான் அடைச்ச இடத்து மேல ஆறு குத்து இருந்துச்சு, எண்ணிப் பார்த்தேன். அந்த ஓட்டை வேணும்னு நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நீ கோணம் வெட்டின பழைய அட்டையை அலமாரியிலேருந்து எடுத்து, துளை எல்லாம் நூத்தொன்பதரைக்கே போட்டிருக்கேன். முதுகு ஓட்டையும் விட்டிருக்கேன். கம்பி பரக்கத் அலி பாய் குடுத்தது. இது நிக்காது. நல்லா இரு. அப்பா."

லூர்துராணி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. பிறகு கம்பிகளை வளைத்து வளையத்தைக் கட்டினாள். அது இடிபடும் வரைக்கும் காத்திருந்தது. துளையில் பச்சையைச் செருகியதும் ஒரே தாவலில் திறந்துகொண்டது. முப்பத்திரண்டு வருஷ ஃபிட்டர் முதல்முறையாகத் திறக்கிற பொருள் ஒன்றைச் செய்திருந்தார். சிவப்பு உருண்டை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவள் குனிந்து அதைத் தேட ஆரம்பித்தாள்.